வீட்டுல தேடும்

எட்டு மணி என்று அந்த வீட்டில் பெயர் வாங்கப்போகிறவள், வேலைக்கு வந்த முதல் நாளே ஒரு தப்பு செய்தாள். வீட்டுக்காரம்மாவை விருந்தாளி என்று நினைத்துவிட்டாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கதவைத் திறந்தவர் மாஸ்டர். மழித்த முகம், படிய வாரிய தலை, சட்டைப் பையில் பேனா. தான் பார்த்துக்கொள்ள வந்திருக்கும் நோயாளி இவர்தான் என்று அவளுக்கே ஒரு நிமிடம் பிடிபடவில்லை. "வாம்மா, உள்ள வா" என்று கூப்பிட்டவர், கூடத்தில் மாத்திரை அட்டைகளை வேளைவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்த டீச்சரைக் கண்ணால் காட்டி, குரலை இறக்கினார்.

"நமக்குத் தெரிஞ்சவங்கதான். பஸ்ஸை விட்டுட்டாங்க போல. பாவம், காலையிலேருந்து உக்காந்திருக்காங்க. ஒரு காபி குடு, குடிச்சிட்டுக் கிளம்பட்டும்."

அவளும் சமையலறையில் தேடி, தட்டோடு கூடிய கோப்பையாகப் பார்த்து எடுத்து, காபி கலந்து, இரண்டு பிஸ்கட்டும் வைத்துக் கொண்டுவந்து நீட்டினாள். "எந்தப் பக்கம்மா போகணும் நீங்க? வண்டி ஏதாவது சொல்லட்டுமா?"

டீச்சர் கோப்பையைப் பார்த்தாள். அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் கோப்பை அது. வெளியாட்கள் வந்தால் மட்டும் இறங்கும். "நான் எங்கயும் போகலை. இது என் வீடு. அவர் என் வீட்டுக்காரர்" என்றாள்.

எட்டு மணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அனுப்பிவைத்த நிறுவனம் கொடுத்திருந்த நீல நோட்டில் அதற்குள் முதல் வரியை எழுதியிருந்தாள்: வீட்டில் விருந்தாளி ஒருவர் இருக்கிறார். அவசரமாக அதை ஒரு கோடு போட்டு அடித்தாள். ஒரே கோடுதான். அடியில் இருந்த வரியை யாரும் படிக்கலாம். டீச்சர் படித்தாள்.

எட்டு மணி என்பது மகள் வைத்த பெயர். இவளுக்கு முன்னால் வேலைக்கு வந்த மூன்று பேரும் ஒன்பது, ஒன்பதரை, பத்தேகால் என்று தோன்றிய நேரத்துக்கு வந்தார்கள்; தோன்றிய நாளில் நின்றும் போனார்கள். இவள் கடிகாரம் எட்டடிக்கும்போது மணியை அழுத்தினாள், ஆறடிக்கும்போது செருப்பை மாட்டினாள். நாற்பத்தைந்து வயது, கனத்த உடம்பு, பூனை நடை.

மாஸ்டர் முப்பத்து நாலு வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். டீச்சர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு. அந்த ஊரில் வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப்பேர் அவரிடமும், விகிதம் போடத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் அவளிடமும் படித்தவர்கள். "உங்க வீட்ல ஒருத்தர் ஸ்டியரிங்கை ஒடிப்பார், ஒருத்தர் ஸ்கேலை ஒடிப்பார்" என்று பக்கத்து வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அவரும் இப்போது அவ்வளவாக வருவதில்லை. ஒவ்வொரு தடவையும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சங்கடப்பட்டார்.

டீச்சருக்கு எது தாங்கவில்லை என்று கேட்டால், மறதி என்று சொல்லமாட்டாள். மறதிக்கு அவள் தயாராகத்தான் இருந்தாள். மருத்துவர் படம் போட்டு விளக்கியிருந்தார். எது முதலில் போகும், எது கடைசியில் போகும் என்று அவளும் குறித்து வைத்துக்கொண்டாள். கண்ணாடியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பார், குழாயை மூடமாட்டார், மகளைத் தன் தங்கை என்பார் என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. மரியாதை பட்டியலில் இல்லை.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு காலை, செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கி, "நீங்க காபி சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

"என்ன இன்னைக்கு மரியாதையெல்லாம் பலமா இருக்கு? ஏதாவது உடைச்சிட்டீங்களா?" என்று அவள் சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. தெரியாத பெண்மணி ஒருத்தி உரிமையெடுத்துப் பேசினால் ஒரு நல்ல மனிதர் எப்படிப் புன்னகை செய்வாரோ அப்படிச் செய்தார்.

நாற்பத்தொரு வருடம் அவளுக்கு 'நீ'தான். கோபம் வந்தால் 'டீ'. செல்லம் வந்தாலும் அதேதான், கொஞ்சம் இழுத்து. அன்று முதல் 'வாங்க', 'உக்காருங்க', 'உங்களுக்கு எதுக்குங்க சிரமம்'. அதே வாயால் நேற்று வந்த எட்டு மணியை, "ஏம்மா, நீ சாப்பிட்டியா? தலையை ஒழுங்காத் துவட்டு, சளி பிடிக்கும்" என்கிறார். டீச்சர் அதைக் கேட்டுக்கொண்டு காய் நறுக்குவாள். நறுக்கிய துண்டுகள் அன்று ஒரே அளவாக இராது.

தப்பான விடையைத் தப்பு என்று சொல்லிவிட வேண்டும் என்பது அவள் தொழில் பழக்கம். சிவப்பு மையால் ஒரு சுழி போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதினால் பிள்ளைகள் திருத்திக்கொள்வார்கள். முப்பது வருடம் அது பலித்திருந்தது. ஆகவே இங்கேயும் அதையே செய்தாள்.

"என்னைப் பாருங்க. நான்தான் உங்க பொண்டாட்டி."

மாஸ்டரின் காது மடல் சிவந்துவிட்டது. பார்வையைத் தரைக்குக் கொண்டுபோனார். "அப்படியெல்லாம் பேசாதீங்கம்மா. நான் கல்யாணம் ஆனவன்."

அதற்கு மேல் அவள் என்ன பேசுவாள்? கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்து காட்டினாள். அவர் பக்கம் பக்கமாக ரசித்துப் பார்த்தார். "பொண்ணு லட்சணமா இருக்கு. உங்க சொந்தமா?" என்றார்.

பகலெல்லாம் இப்படியே கழிந்துவிடும். மாலை ஐந்து மணிதான் கண்டம். ஐந்து அடித்ததும் எழுந்துவிடுவார். சட்டைப் பொத்தானைச் சரிபார்ப்பார், பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார், வாசலுக்கும் கூடத்துக்கும் நடப்பார். ஒரே பாட்டு. "வீட்டுக்குப் போகணும். நேரமாச்சு. வீட்டுல தேடும்."

"இதுதாங்க வீடு" என்பாள் டீச்சர். வாசலில் அவர் பெயர் பொறித்த பலகையைக் காட்டுவாள். மின்கட்டண ரசீதைக் காட்டுவாள். அவர் இருபது வருடத்துக்கு முன் சுவரில் ஆணியடிக்கப் போய்த் தூளாக்கிய மூலையைக் காட்டுவாள். அறை அறையாகக் கூட்டிப் போவாள். வீடு விற்கிறவள் மாதிரி தன் குரல் ஒலிப்பது அவளுக்கே கேட்கும்.

அவர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "நல்லா வச்சிருக்கீங்க. வெளிச்சம் காத்து எல்லாம் இருக்கு. சரி, நான் கிளம்பறேன். வீட்டுல தேடும்" என்பார். கதவு பூட்டியிருந்தால் கண் கலங்கும். எட்டு மணி நோட்டில் எண்ணிக்கை எழுதினாள்: வீட்டுக்குப் போகணும் என்று இன்று பதினோரு முறை சொன்னார். மறுநாள் பதினான்கு.

டீச்சருக்கு அந்த எண்கள் குத்தின. கடன் போட்டு, செங்கல் செங்கலாகப் பார்த்து, இருவரும் சேர்ந்து கட்டிய வீடு. இதை வீடில்லை என்கிறார். இவளை மனைவி இல்லை என்கிறார். அப்படியானால் இவர் தினமும் தவித்துத் தவித்துப் போகப் பார்க்கிற அந்த இன்னொரு வீடு எங்கே இருக்கிறது? அங்கே யார் இருக்கிறார்கள்? வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவளுக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

ஒரு நாள் மாலை ஆறடித்து, எட்டு மணி கிளம்பிப் போன கையோடு அது நடந்தது. மாஸ்டர் டீச்சருக்கு எதிரே வந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, மிகப் பக்குவமாக ஆரம்பித்தார். "தப்பா நினைக்காதீங்க. இருட்டப் போகுது. ஒரு ஆம்பளை தனியா இருக்கற இடம். நீங்க இவ்வளவு நேரம் இருக்கறது நல்லா இல்லை. உங்க வீட்ல கவலைப்படுவாங்க."

அவர் அவளுடைய செருப்பை எடுத்து வாசலில் நேராக வைத்தார். கைப்பையை எடுத்துக் கொடுத்தார். வாசல்வரை வந்து, "பாத்துப் போங்க" என்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

டீச்சர் தன் வீட்டு வாசலில் கைப்பையோடு நின்றாள். உள்தாழ்ப்பாளுக்குச் சாவி உதவாது. எதிர் வீட்டுப் பெண் துணி எடுத்துக்கொண்டே பார்த்தது. டீச்சர் செடிக்குத் தண்ணீர் விட வந்தவளைப் போலக் குனிந்து ஒரு பழுத்த இலையைக் கிள்ளினாள். கால் மணி நேரம் அப்படி ஏழெட்டு இலை கிள்ளியபின் வேறு வழி தெரியாமல் மணியை அழுத்தினாள்.

கதவு திறந்தது. மாஸ்டர் முகம் மலர்ந்தது. "அடடா, வாங்க வாங்க! எவ்வளவு நாளாச்சு இந்தப் பக்கம் வந்து!"

அன்றிரவு மகளிடம் போனில் சொன்னபோது மகள் முதலில் சிரித்தாள், அப்புறம் அழுதாள். "அம்மா, நீ ஏன் அவர்கிட்ட மல்லுக்கு நிக்கறே? விட்டுத் தொலையேன்."

"எதை விடறது? நான் அவர் பொண்டாட்டிங்கறதையா?"

மகள் மூக்கை உறிஞ்சிவிட்டு, ராத்திரி மாத்திரை கொடுத்தாச்சா என்று கேட்டாள்.

அடுத்த வாரம் டீச்சர் பல் மருத்துவம், வங்கி என்று இரண்டு மூன்று மாலைகள் வெளியே போக வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. மாஸ்டர் கால் நீட்டி உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். நோட்டைப் புரட்டினாள். 5.00 முதல் 5.40 வரை காரில் வகுப்பு. அமைதியாக இருந்தார். வீட்டுக்குப் போகணும்: இரண்டு முறை. முந்தின நாளும் அதே, மூன்று முறை.

"என்ன வகுப்பு?" என்றாள்.

எட்டு மணி துண்டை மடித்துக்கொண்டே சொன்னாள். "ஷெட்டுல அந்தப் பழைய கார் நிக்குதுல்ல டீச்சர். சார் அதையே பாத்துக்கிட்டு நின்னாரு. ஏறுங்க மாஸ்டர்னேன். ஏறினாரு. நான் ஸ்டியரிங் பக்கம் உக்காந்தேன். புதுசா சேந்திருக்கேன் சார், சொல்லிக் குடுங்கன்னேன். அவ்வளவுதான்."

"அதுல பேட்டரியே கிடையாதே! மாப்பிள்ளை கழட்டி ஒரு வருஷம் ஆச்சு."

"முதல் பாடம் எப்பவும் ஓடாத வண்டிலதானாம். இன்ஜினைத் தொடக்கூடாதாம். நமக்கு தினமும் முதல் பாடம்தான்" என்று எட்டு மணி சிரித்தாள். "நான் பரவால்லையாம். கிளட்ச் மட்டும் உதைக்கறேனாம்."

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. "ஒரு பெரிய மனுஷரை இப்படி ஏமாத்தலாமா?"

"ஏமாத்தலை டீச்சர்."

"பின்ன இதுக்கு என்ன பேர்?"

எட்டு மணி துண்டைக் கீழே வைத்தாள். அவள் பதினோரு வீட்டில் வேலை பார்த்தவள். எதிர்த்துப் பேசுகிற வழக்கம் அவளுக்கில்லை. ஆனால் தொழில் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவும் மாட்டாள். "நீங்க அவரை இங்க இழுக்கறீங்க. அவரால வர முடியலை. இழுக்க இழுக்க வலிக்குது, ரெண்டு பேருக்கும். நான் அவர் இருக்கற இடத்துக்குப் போயிடறேன். போறதுக்கு எனக்குச் சுலபம், ஏன்னா அங்க எனக்கு இழக்கறதுக்கு ஒண்ணும் இல்லை. உங்களுக்குக் கஷ்டம்தான். அது எனக்குத் தெரியாம இல்லை."

டீச்சர் உள்ளே போய்விட்டாள். நியாயமான வாதத்துக்குப் பதில் சொல்ல முடியாதபோது அவள் எழுந்து போய்விடுவாள், வகுப்பில்கூட அப்படித்தான்.

வியாழக்கிழமை மதியம் மூன்றுக்கே எட்டு மணி கிளம்ப வேண்டியிருந்தது. அவள் தங்கைக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. செருப்பில் பாதிக் கால் நுழைத்தபடியே சொல்லிவிட்டுப் போனாள். "அஞ்சு மணிக்கு வண்டிலேயே ஏத்திடுங்க. ஏறினப்புறம் நீங்க டீச்சர் இல்லை, படிக்க வந்தவங்க. பேரு கேட்டா சொல்லுங்க, சொந்தம் மட்டும் சொல்லாதீங்க. அப்புறம், அவர் கேட்டாத் தவிர நீங்களா பாடம் நடத்த ஆரம்பிச்சுடாதீங்க!"

ஐந்து அடித்தது. மாஸ்டர் எழுந்தார், பேனாவைத் தொட்டார். "வீட்டுக்குப் போகணும்."

டீச்சர் அன்றைக்கும் பெயர்ப் பலகையில்தான் ஆரம்பித்தாள். பழக்கம் விடவில்லை. மூன்றாவது அறைக்குள் போகும்போது அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "என்னை ஏங்க இப்படி அடைச்சு வைக்கறீங்க? நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?" என்றார். அந்தக் கேள்வியில் கோபமே இல்லை. அதுதான் அவள் வாயை அடைத்தது.

"சார்" என்றாள். அந்தச் சொல் அவள் வாயில் ஒட்டவில்லை. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். "சார், இன்னைக்கு எனக்கு கிளாஸ் இருக்கு."

மாஸ்டர் நின்றார். முதுகு நிமிர்ந்தது. "அதை முதல்லயே சொல்ல வேண்டாமா? வாங்க."

ஷெட்டின் தகரக் கதவைத் தள்ளியதும் ரப்பரும் தூசியும் கலந்த வாசனை வந்தது. கார் சின்னது, வெள்ளை நிறம் மஞ்சளாகிவிட்டது. கூரையில் பயிற்சிப் பள்ளிப் பலகை இருந்த இடத்தில் நான்கு ஓட்டை. டீச்சர் ஓட்டுகிறவர் இருக்கையில் உட்கார்ந்தாள். அவர் சுற்றிப் போய், தன் பக்கத்துக் கதவைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டே செய்யலாம் என்பதுபோல் ஒரே அசைவில் ஏறி அமர்ந்தார். எட்டு மாதத்தில் அவர் அப்படித் தடுமாறாமல் எதையும் செய்து அவள் பார்த்ததில்லை. அவருடைய காலடியிலும் பிரேக், கிளட்ச் என்று இரண்டு மிதி இருந்தன. கற்றுக்கொடுக்கிறவருக்கான உபரி மிதிகள்.

"சீட்டு எட்டுதா? முதுகு ஒட்டி உக்காருங்க. கண்ணாடியைச் சரி பண்ணுங்க. பின்னாடி என்ன தெரியுது?"

"ஒரு பழைய சைக்கிள். ரெண்டு பெயிண்ட் டப்பா."

"அதையெல்லாம் ஏன் பாக்கறீங்க? ரோட்டைப் பாருங்க."

"சரி சார்."

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். ஒரு கை மேலேறியிருந்தது. அவர் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியின் நுனியால், அவள் விரலுக்கு ஒரு அங்குலம் மேலே காற்றில் சுட்டினார். "கொஞ்சம் இறக்குங்க. இன்னும். அங்கதான்." பெண்கள் படிக்க வந்தால் கையைத் தொட்டுத் திருத்தமாட்டார் என்று அந்தக் காலத்தில் ஊரே சொல்லும். டீச்சருக்கும் அது பெருமையாக இருந்தது. இப்போது அந்தப் பேனா மூடி அவள் விரல்மேல் பட்டுவிடாதா என்று இருந்தது. படவில்லை. அவர் அவ்வளவு கவனம்.

"எதுக்குங்க இந்த வயசுல கத்துக்கறீங்க?" என்றார். "குறையா சொல்லலை. நல்ல விஷயம். கேட்டேன்."

"முன்னாடி ஒரு தடவை முயற்சி பண்ணேன் சார். வரலை."

"யார் சொல்லிக் குடுத்தது?"

அவள் முன்கண்ணாடியைப் பார்த்தாள். "ஒருத்தர்."

"சொல்லிக் குடுக்கறவன் சரியில்லைன்னா வராது" என்றார் மாஸ்டர். "வராத ஆளே கிடையாது. ஆறாயிரம் பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். கண்ணு சரியாத் தெரியாதவர், காலு ஒண்ணு குட்டையானவர், எல்லாருக்கும் வந்திருக்கு." பேனாவைப் பையில் செருகினார். "ஒரே ஒருத்திக்குத்தான் என்னால சொல்லிக் குடுக்க முடியலை."

"யாருக்கு?"

"வீட்டுல."

டீச்சரின் கை ஸ்டியரிங்கில் அப்படியே நின்றது.

பயிற்சிப் பள்ளிக்கு அவள் எப்போதாவது போன் செய்தால், ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு அவர் பக்கத்திலிருப்பவரிடம் சொல்வது லேசாகக் கேட்கும்: "வீட்டுலேருந்துதான்." நண்பர்கள் எங்காவது கூப்பிட்டால், "வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்." வெளி மனிதர் முன்னால் அவள் பெயரை அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. மனைவி, பொண்டாட்டி என்கிற சொற்களும் அவர் வாயில் வராது. வீடு என்பதுதான் சொல். வீட்டுல கோவிச்சுக்கும். வீட்டுல தேடும். எட்டு மாதமாக அவரைத் தோளைப் பிடித்துத் திருப்பி, பெயர்ப் பலகையையும் சுவரையும் ரசீதையும் காட்டிக்கொண்டிருந்தவள் அவள். தினமும் பதினோரு முறை, பதினான்கு முறை அவர் அவளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க... வீட்டுல இருக்கறவங்களுக்கு என்ன, புத்தி கம்மியா?" என்று கேட்டாள். தன்னைத் தானே 'அவங்க' என்று சொல்லிக்கொள்வது விசித்திரமாக இருந்தது.

"புத்தியா! அது கணக்கு டீச்சருங்க. நான் பெட்ரோல் கணக்கை ஏழு தடவை கூட்டி ஏழு விடை எடுத்து வச்சிருப்பேன், சட்டி கழுவிக்கிட்டே திரும்பிப் பாத்துச் சரியானதைச் சொல்லும்." அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "அதுக்கு வராதது ஒண்ணும் இல்லை. தப்பு என்மேல."

"என்ன தப்பு?"

அவர் குனிந்து தன் காலடியைப் பார்த்தார். "இந்த மிதி இருக்கு பாருங்க. படிக்கறவங்க தப்புப் பண்ணா நான் இங்கேருந்து நிறுத்தலாம். மத்தவங்க ஓட்டும்போது காலை லேசா மேல வச்சிருப்பேன், அவ்வளவுதான். அன்னைக்கு அவ ஓட்டினா. மைதானம், ஒரு ஈ காக்கா கிடையாது. எனக்குக் காலை எடுக்க முடியலை. எங்கயாவது இடிச்சு அவளுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா? பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருந்தேன். அவ ஆக்ஸிலேட்டரை அழுத்தறா, நான் இங்க அழுத்தறேன். வண்டி முக்குது, திணறுது, நின்னுடுது. மறுபடி எடுக்கறா, மறுபடி நிக்குது. மூணு நாள்."

டீச்சருக்கு அந்த மூன்று நாளும் தெரியும். கடைசி நாள் அவர், "காலா அது, கருங்கல்லாடி?" என்று கத்தினார். அவள் கதவைத் திறந்து இறங்கி, மைதானத்தின் குறுக்கே நடந்தே வீட்டுக்குப் போனாள். அப்புறம் ஓட்டுகிறவர் இருக்கையில் உட்கார்ந்ததில்லை. வாழ்க்கையில் தனக்கு வராமல் போன ஒன்று இது என்று முப்பத்தைந்து வருடம் மனசுக்குள் சிவப்பு மையால் சுழித்து வைத்திருந்தாள்.

"அப்புறம் ஏன் கத்தினீங்க?" என்றாள். குரல் அவளுடைய குரலாகவே வந்துவிட்டது. மாணவியின் குரல் இல்லை.

நல்லவேளை, அவர் கவனிக்கவில்லை. "பயந்தா கத்துவேன். அது ஒரு கெட்ட பழக்கம்."

"மிதிச்சது நீங்கதான்னு அவங்ககிட்டச் சொன்னீங்களா?"

"எங்கங்க சொல்றது! தினமும் நினைப்பேன். இன்னைக்குப் போனதும் சொல்லிடணும்னு கிளம்புவேன். போனதும் சோத்தைப் போட்டுடும். பேச்சு வேற எங்கயோ போயிடும்." மாஸ்டர் கை தானாகக் கதவுப் பிடியைத் தேடியது. "நேரம் என்ன ஆச்சு? நான் போகணுங்க. இன்னைக்காவது சொல்லணும்."

நான்தான் அது. இரண்டே சொல். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். காது சிவக்கும். பார்வை தரைக்குப் போகும். கதவைத் திறந்து இறங்கிவிடுவார். அப்புறம் இந்த மனிதர் யாரிடம் இவளைப் பற்றிப் பேசுவார்? எட்டு மாதமாக அவள் காதில் விழாத 'அவ', 'அதுக்கு', 'அது சொல்லும்' எல்லாம் இங்கே, இந்த அழுக்குக் காருக்குள், கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன. ஆனால் அவற்றைக் கேட்பதற்கு அவள் அவளாக இருக்கக்கூடாது.

"சார்," என்றாள், "எனக்கு அவங்களைத் தெரியும்."

கதவுப் பிடியிலிருந்த கை நின்றது. "வீட்டுலயா? எப்படி?"

"நானும் அதே ஸ்கூல்தான். ரொம்ப நாள் பழக்கம். போற வழியில பாப்பேன். நான் சொல்லிடட்டுமா?"

மாஸ்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். முழுசாகப் பார்த்தார். அந்தப் பார்வை எதையாவது கண்டுபிடித்துவிடும் என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அது அவள் முகத்தின் மேல் ஊர்ந்து, நெற்றி, கண், வாய் என்று ஒவ்வொன்றிலும் தங்கி, கடந்து போய்விட்டது.

"உங்களுக்குச் சிரமம் இல்லையே?" என்றார்.

"இல்லை."

"அப்ப பதமாச் சொல்லுங்க. எடுத்தவுடனே பிரேக்குன்னு ஆரம்பிச்சுடாதீங்க. சாப்பிட்டாச்சான்னு கேளுங்க. எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கும், சாப்பிட்டிருக்காது. சாப்பிடச் சொல்லிட்டு, அப்புறம் சொல்லுங்க."

"கோவிச்சுக்குமா?"

"கோவிச்சுக்கும். ரெண்டு நாள் பேசாது."

"அப்புறம்?"

"அப்புறம் பேசிடும்" என்றார், அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை என்பதுபோல். தோள் தளர்ந்தது. நெடுநாள் சுமந்துவந்த ஒன்றை இறக்கி வைத்தவரைப் போல இருக்கையில் சாய்ந்துகொண்டார். கை கதவுப் பிடியை விட்டு மடிக்கு வந்தது.

வெளியே யாரோ ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். தகரக் கதவின் இடுக்கில் வெயில் நீண்டு, பிறகு மங்கியது. டீச்சர் ஸ்டியரிங்கைப் பிடித்த கையை இறக்கவில்லை. இறக்கினால் துடைக்க வேண்டியிருக்கும். துடைத்தால் அவர் பார்ப்பார்.

"சரிங்க, பாடத்தைப் பாப்போம்" என்றார் மாஸ்டர். "கிளட்ச் எதுன்னு தெரியுமா? இடது ஓரத்துல இருக்கறது. மெதுவா மிதிங்க. உதைக்கக்கூடாது."

அவள் காலை அந்த மிதியின் மேல் வைத்தாள். அழுத்தலாம் என்று நினைப்பதற்குள் அது தானாகக் கீழே இறங்கியது. குனிந்து பார்த்தாள். அவருடைய கால் அவர் பக்கத்து மிதியின் மேல் இருந்தது. இரண்டையும் அடியில் ஒரு கம்பி இணைத்திருந்தது. அவர் அழுத்த இவள் மிதி இறங்கியது. அவர் விட இவள் கால் மேலே வந்தது.

"தெரியுதுங்களா? இவ்வளவு மெதுவா."

"தெரியுது சார்."

"இப்ப நீங்க."

அவள் அழுத்தினாள். கம்பிக்கு அந்தப் புறம் அவர் காலின் கனம் இருந்தது. எதிர்க்கவில்லை; கூடவே இறங்கியது.

"அவசரம் வேணாம்" என்றார். "காலை எடுத்துடாதீங்க."

"எடுக்கலை" என்றாள்.